கசிவுக்கு ஓட்டை கிடையாது

"மலிவா இருந்தா சீப். தலை வாரினா சீப்பு. இது மூணாவது சீப், அத்தான். இதை நாளைக்குப் பசங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?"

மச்சினன் ஆங்கில டியூஷன் எடுப்பவர். அக்கா இருந்தவரை இந்த வீட்டுக்கு வர அவருக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. அவள் போன பிறகு தினமும் ஒரு காரணத்தோடு வந்தார். அன்றைய காரணம் 'seep' என்ற அந்த ஆங்கிலச் சொல்.

விசாரணைக்காரர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளையும் இடிந்த வீடுகளையும் விசாரித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அகராதியில என்ன போட்டிருக்கு?"

"கசிதல்னு இருக்கு. லீக்குக்கும் அதையேதான் போட்டிருக்கான். ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லை. குழாய் லீக் ஆகும், வாளி லீக் ஆகும். ஓட்டை இங்கே இருக்குன்னு விரலை வச்சுக் காட்டலாம், அடைக்கலாம். உன்னோட சீப்புக்கு ஓட்டை கிடையாது. மண்ணு, செங்கல், துணி... அந்தப் பொருளோட உடம்பே வழி. எங்கேயிருந்து வருதுன்னு சொல்ல முடியாம, மெதுவா வந்துக்கிட்டே இருக்கும். மழைக்காலத்துல சுவர் ஈரமாகுதே, அது."

"அப்ப 'வாளி சீப் ஆகுது'ன்னு எழுதினா?"

"மார்க்கைக் குறை."

மச்சினன் சிரித்து முடிப்பதற்குள் வாசலில் யாரோ தயங்கி நிற்பது தெரிந்தது. கடைத்தெரு ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. போன மாதம் கடைக்காரர் இறந்தபோது தெருவே கூடியிருந்தது. அந்த அம்மாள் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீரைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"சார், நான் என் வீட்டுக்காரரைக் கொன்னேனா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

மச்சினனின் பேனா மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. விசாரணைக்காரர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"டாக்டர் மாரடைப்புன்னு எழுதிக் குடுத்தார், இல்லையா?"

"ஆமா. ஆனா அவருக்கு இதயத்துல எந்தக் கோளாறும் இருந்ததில்லை. வெளியூர் போய்ட்டு வந்தவருக்கு நல்ல சளி. கடைக்குப் பின்னால மாவு மூட்டை வைக்கிற அறை இருக்கு. அடுப்புச் சுவர் ஒரு பக்கம் இருக்கிறதால கதகதன்னு இருக்கும். அங்கே கட்டிலைப் போட்டுக் குடுத்ததே நான்தான். தினமும் தலை வலிக்குதுன்னுதான் எந்திரிப்பார். வெளியே வந்து கொஞ்ச நேரத்துல சரியாயிடும். சளியாலன்னு நினைச்சேன். வார விடுமுறைக்கு முந்தின ராத்திரி சில்லுன்னு காத்து அடிச்சுது. ஜன்னலைச் சாத்தினேன். மேல் தாழ்ப்பாள் எனக்கு எட்டாது, முக்காலி போட்டு ஏறிச் சாத்தினேன். காலையில..." குடிக்காத தண்ணீரை மேசையில் வைத்தார். "முகத்தைப் பாத்தா இறந்தவர் மாதிரியே இல்லை சார். நல்லா செவசெவன்னு இருந்தார்."

"யார் முதல்ல பாத்தது?"

"என் நாத்தனார். வெந்நீர் கொண்டு போனவங்க கதவைத் தள்ளிப் பாத்துட்டு அங்கேயே நின்னு கத்தினாங்க. அப்ப ஜன்னல் ரெண்டு கதவும் விரியத் திறந்து கிடந்துச்சு. நானும் பாத்தேன். நெஞ்சுல சளி இருக்கிறவனைக் குளிர்ல போட்டுட்டியேன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கிறாங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக் கொன்னேன்னு அவங்க சொல்றாங்க. சாத்தி வச்சு மூச்சடைக்க வச்சேன்னு நான் நினைக்கிறேன். ரெண்டுல எதுன்னாலும் சரி சார், எதுன்னு தெரிஞ்சா போதும். தெரியாம இருக்க முடியல."

"அவரே எழுந்து திறந்திருக்கலாமே?" என்றார் மச்சினன்.

"கழுத்து வரைக்கும் நான் போத்தின போர்வை கலையவே இல்லை."

"அந்த அறை இப்ப எப்படி இருக்கு?"

"அவரைத் தூக்கின அன்னிக்கே பூட்டிட்டேன். சாவி என்கிட்டதான் இருக்கு." இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "மாவை வேற இடத்துல வச்சுக்கிறாங்க."

*

ரொட்டிக்கடையின் முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிகள், பின்பக்கம் அடுப்புக்கூடம். கூடத்தின் நடுவில் அறை அளவு செங்கல் அடுப்பு, அதன் முதுகோடு ஒட்டினாற்போல் மாவு அறை. கடை வாசலில் தொங்கிய கூண்டில் ஒற்றைக் காதல் பறவை இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"ஜோடியா வளக்கிற பறவையாச்சே, ஒண்டிக்கட்டையா இருக்கு?" என்று மச்சினன் கூண்டைத் தட்டினார்.

"ரெண்டு இருந்துச்சு," என்றார் அந்த அம்மாள். "மாவு அறையிலதான் கூண்டு தொங்கும், கதகதப்புக்கு. ஒரு விடுமுறை நாள் காலையில ஒண்ணு செத்துக் கிடந்துச்சாம். பூனை வேலைன்னு தம்பி சொன்னார். அவர்தான் கூண்டை இங்கே கொண்டாந்து மாட்டினார்." தம்பி என்று அவர் சொன்னது கொழுந்தனை.

கூண்டின் கம்பிகள் நெருக்கமாக, ஒன்றுகூட வளையாமல் இருந்தன. விசாரணைக்காரர் விரலை நுழைத்துப் பார்த்தார். விரலே போகவில்லை.

மாடிப்படியில் நாத்தனாரின் குரல் முதலில் இறங்கி வந்தது. "துப்பறியவா? எங்க வீட்டு மானத்தை இப்படிக் கடைத்தெருவுக்குக் கொண்டாறணும்னு எத்தனை நாளா காத்திருந்த?"

"வீடே கடைத்தெருவுலதானே இருக்கு," என்று மச்சினன் முணுமுணுத்தார். விசாரணைக்காரரின் பார்வை பட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

அறை திறந்தது. பூட்டியிருந்த நாட்களின் மாவு வாசனை. ஜன்னல் அன்று போலவே திறந்திருந்தது, வெளிப்புறம் கம்பிவலை. கட்டில், சுருட்டிய போர்வை, மூலையில் முக்காலி. ஜன்னலுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு மாவு மூட்டைகள். கூரையிலிருந்து ஒரு வெற்றுக் கொக்கி. அதற்கு நேர் கீழே தரையில் எச்சமும் தினை உமியும். மூன்று சுவர்கள் பழுப்பேறியிருந்தன. அடுப்பை ஒட்டிய நான்காவது சுவர் மட்டும் ஆள் எட்டும் உயரம்வரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இந்தப் பூனை கம்பிவலையைத் தாண்டி வந்து, கூண்டைத் திறந்து, பறவையைக் கொன்னு, தின்னாம விட்டுட்டுப் போயிருக்கு," என்றார் விசாரணைக்காரர். பிறகு மூட்டைகள் பக்கம் குனிந்தார். "இது எப்ப இறக்கின சரக்கும்மா?"

"ஜன்னலைச் சாத்தின அன்னிக்குச் சாயங்காலம்."

மேல் மூட்டையில் ஒரு செருப்புத் தடம். கரி படிந்த அடிப்பாகம் கோணியில் அச்சாகப் பதிந்திருந்தது. நுனி ஜன்னலைப் பார்த்திருந்தது. குதிகாலில் குறுக்காக ஓர் ஒட்டுத் தையலின் கோடு.

எட்டிப் பார்த்த நாத்தனாரின் குரல் மாறிவிட்டது. "ஐயோ, மூட்டையை மிதிச்சது யாரு? எங்க வீட்டுல பச்சைக் குழந்தைகூட மாவு மூட்டை மேல கால் வைக்காது. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான் பழக்கம். செருப்புக் காலா!"

"அதனாலதான் இவங்க முக்காலி போட்டு ஏறியிருக்காங்க," என்றார் விசாரணைக்காரர். "அவ்வளவு பக்கத்துல மூட்டை இருந்தும்."

நாத்தனார் மூலையிலிருந்த முக்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

அடுப்புக்கூடத்தில் மாஸ்டர் பலகைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெருத்த உடம்பு, வெறுங்கால்.

"செருப்பு போட மாட்டீங்களா மாஸ்டர்?"

"அடுப்புகிட்ட போட மாட்டேன் சார். தரைச் சூட்டை வச்சுத்தான் அடுப்போட சூடு தெரியும். செருப்பு போட்டா நான் குருடன்."

"விடுமுறைக்கு முந்தின நாள் அடுப்பை என்ன பண்ணுவீங்க?"

மாஸ்டர் கையிலிருந்த பிரஷ் நின்றது. "கங்கெல்லாம் ஒண்ணா இழுத்து, சாம்பல் போட்டு மூடி, அடுப்பு வாயை அடைச்சிருவோம். மேல புகைபோக்கித் தகட்டையும் இறக்கிருவோம். அப்பதான் ஒரு நாள் முழுக்க சூடு நிக்கும். ஆறிப்போச்சுன்னா செங்கல் வெடிச்சிரும்." பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "அந்த ராத்திரி நான்தான் அடைச்சேன். முதலாளி அந்தப் பக்கம் படுத்திருக்கார்னு தெரியும். இத்தனை வருஷமா அடைக்கிறேன், ஒரு எறும்புகூடச் செத்ததில்லை. ஆனாலும் அன்னிலேர்ந்து அந்தத் தகட்டைத் தொட்டா எனக்குக் கை நடுங்குது சார்."

"அடுப்போட பின்பக்கம் புதுசா இருக்கே?"

"மழையில சரிஞ்சிருச்சு. முதலாளி வெளியூர்ல இருந்தார். சின்னவரே தனியா நின்னு கட்டினாரு. நல்லாத்தான் கட்டினாரு. காயறதுக்குப் பொறுமையா சின்னத் தீயா வைக்கணும்னு சொன்னேன். அண்ணன் திரும்பி வர்றப்ப ரொட்டி வாசனை வரணும்னு முழுத் தீ வச்சிட்டாரு."

அந்தச் சின்னவர், அந்த அம்மாளின் கொழுந்தன், சாம்பல் கூடையோடு பின்வாசலில் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும்; அதற்குப் பத்து வயது கூட்டிக் காட்டும் முகம். விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்றதும் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார்.

"நான் அன்னிக்குக் காலையில வீட்டுல இல்லை சார். நண்பன் வீட்டுல தங்கிட்டேன். அக்கா கத்தின சத்தம் கேட்டுத் தெருவிலேர்ந்து ஓடி வந்தேன். அப்பவே கூட்டம். நான் அறைக்குள்ளேயே போகலை, நிலைப்படியில நின்னுட்டேன்."

"ஆமா, அவன் உள்ளே வரவேயில்லை," என்றார் நாத்தனார். "தூக்கறப்பகூட வெளியேதான் நின்னான். அண்ணன்மேல உசுரு அவனுக்கு, பாக்கத் தாங்கலை."

விசாரணைக்காரர் தலையாட்டிவிட்டுப் பின்வாசல்பக்கம் நடந்தார். மச்சினன் பின்னாலேயே ஓடினார். "அத்தான், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாஸ்டர்தான். தகட்டை அடைச்சது அவர், கை நடுங்குதுன்னு அவர் வாயாலேயே..."

"மாஸ்டருக்குச் செருப்பு இல்லையேடா."

மச்சினன் குனிந்து பார்த்தார். வாசலில் கிடந்த செருப்பின் குதிகாலில் குறுக்காக ஓர் ஒட்டுத் தையல். அவர் நிமிரவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வரும் என்று நினைத்த இடத்தில் வேறென்னவோ வந்தது.

*

மறுநாள் வார விடுமுறை. விசாரணைக்காரர் கேட்டுக்கொண்டபடி மாஸ்டர் வழக்கம்போல் கங்குகளை இழுத்து மூடினார், அதன்மேல் ஈர வைக்கோலை அள்ளிப்போட்டு அடுப்பு வாயை அடைத்தார், தகட்டை இறக்கினார். மாவு அறையின் கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. பட்டப்பகலில் எல்லோரும் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"எவ்வளவு நேரம் சுவரைப் பாக்கிறது? சினிமாவா ஓடுது?" என்றார் நாத்தனார்.

"ஓடும்," என்றார் விசாரணைக்காரர். "இந்த வீட்டுல நடந்ததுல ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சாத்தின ஜன்னல் திறந்திருந்தது. இறந்தவர் திறக்கலை. நீங்க வாசப்படியிலேயே நின்னு கத்தினீங்க, நீங்களும் திறக்கலை. அப்ப உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் உள்ளே வந்திருக்கார். அசையாம கிடக்கிற மனுஷனைப் பாத்தா நாம என்ன பண்ணுவோம்? தோளைப் பிடிச்சு உலுக்குவோம், கூப்பிடுவோம். இவர் அதைப் பண்றதுக்கு முன்னாடி ஜன்னலுக்கு ஓடியிருக்கார். ஓடின வேகத்துல, பிறந்ததுலேர்ந்து மிதிக்காத மாவு மூட்டையைச் செருப்புக் காலோட மிதிச்சிருக்கார். ஏன்? உள்ளே கெட்டது காத்துதான்னு அவருக்கு மட்டும் தெரியும்."

"காத்துல என்ன கெட்டது? புகை வாசனைகூட இல்லையே!" என்றார் நாத்தனார்.

"கங்கு மூச்சுமுட்டி எரிஞ்சா அதுலேர்ந்து வர்ற விஷத்துக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும். முகம் செவந்திருக்கும். மத்த நாள்ல தகடு திறந்திருக்கு, பெரும்பாலும் மேலே போயிடும். விடுமுறை நாள்ல போறதுக்கு வழியில்லை. அந்தப் பறவையும் விடுமுறை நாள் காலையிலதான் செத்துச்சு. இன்னிக்கு வைக்கோலைப் போட்டது அந்த விஷம் வர்ற வழியைக் கண்ணுக்குக் காட்ட."

"எந்த வழி? சுவர்ல ஓட்டையே இல்லையே," என்றார் மாஸ்டர். "நான் தடவிப் பாத்தேன்."

விசாரணைக்காரர் வாய் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டார். "கசிவுக்கு ஓட்டை கிடையாது மாஸ்டர். சுவரே வழி." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஏனென்றால் அப்போது தொடங்கிவிட்டது. வெள்ளைச் சுவரில் எந்த இடம் என்று சொல்ல முடியாதபடி ஒரு மங்கல். வேர்வை அரும்புவதுபோல, கண்ணுக்குத் தெரியாத மயிரிழைப் பிளவுகளிலிருந்து மெல்லிய புகை எழுந்து, சுண்ணாம்பின்மேல் தவழ்ந்து, கட்டிலின் தலைமாட்டை நோக்கி வளைந்தது. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், புகைக்காக அல்ல.

"போதும் சார்," என்றார் கொழுந்தன். "தகட்டைத் திறங்க மாஸ்டர். போதும்."

மாஸ்டர் ஓடினார். கொழுந்தன் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அண்ணன் ஊர்லேர்ந்து வந்து சுவரைத் தட்டிப் பாத்தாரு. சின்ன வயசுலேர்ந்து நான் எதைத் தொட்டாலும் 'உன்னால முடியாது, தள்ளு'ம்பாரு. அன்னிக்கு, 'பரவாயில்லடா, நானே கட்டினாலும் இப்படித்தான் வந்திருக்கும்'னாரு. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொன்னாரு. அந்த வாரமே பறவை செத்துச்சு. இன்னொண்ணு மயங்கிக் கிடந்துச்சு, வெளியே கொண்டுபோனதும் எந்திரிச்சிருச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. முழுத் தீ வச்சதுல ஈரச் சுவர் நுணுக்கமா வெடிச்சிருச்சுன்னு. கனமா ரெண்டு கை சுண்ணாம்பு அடிச்சேன். அடைஞ்சிரும்னு நினைச்சேன்."

"அடைஞ்சுதான்னு பாத்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"பாக்க பயமா இருந்துச்சு." சுவரின்மேல் கையை வைத்தார். "அண்ணி இங்கே கட்டில் போட்டப்ப சொல்லலாம்னு வாயெடுத்தேன். ஜன்னல்தான் திறந்திருக்கேன்னு இருந்துட்டேன். தினமும் ராத்திரி சந்துப்பக்கம் போய்ப் பாத்துட்டுத்தான் படுப்பேன், திறந்திருக்கான்னு. அந்த ஒரு நாள் போகலை. காலையில சந்து வழியா வந்தப்ப ஜன்னல் சாத்தியிருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு சார். பின்வாசல் வழியா உள்ளே ஓடினேன். திறந்தேன். தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்தாரு. வந்த வழியே போயிட்டேன்."

"டேய்," என்றார் நாத்தனார். ஒரு மாதமாக, இறந்த தம்பியின் மனைவியை அவர் கேட்ட கேள்வியெல்லாம் அந்த அறையில் அவரைச் சுற்றி நின்றன. அவர் அந்த அம்மாளின் பக்கம் திரும்பினார். நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாள் கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக எதையாவது சொல்வார் என்று மச்சினன் எதிர்பார்த்தார். அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

"சொல்லியிருந்தா உங்கண்ணன் என்ன பண்ணியிருப்பார் தம்பி? திட்டியிருப்பார். திட்டிக்கிட்டே உங்ககூட நின்னு சுவரை இடிச்சிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்."

கொழுந்தன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். வெள்ளைச் சுண்ணாம்பு நெற்றியில் ஒட்டியது.

காவல் நிலையத்துக்கு அவரே போவதாகச் சொன்னார். துணைக்கு விசாரணைக்காரரும் மச்சினனும் கிளம்பினார்கள். செருப்பை மாட்டக் குனிந்தவரிடம் அந்த அம்மாள், வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் தன்னால் சொல்வதுபோல, "வெறும் வயித்தோட போகாதீங்க தம்பி," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கொழுந்தன் ஒட்டுத் தையல் போட்ட செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மாட்டவும் இல்லை, கீழே போடவும் இல்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கினார்.

அந்த அம்மாள் விசாரணைக்காரரை வாசலில் நிறுத்தினார்.

"அப்ப நான் இல்லை, இல்லையா சார்?"

"நீங்க இல்லைம்மா. அந்தச் சுவரைப் பத்தி உங்ககிட்ட யாரும் சொல்லலை. குளிருதுன்னு ஜன்னலைச் சாத்தினீங்க. யாரும் சாத்துவாங்க."

"ஆனா சாத்தினது என் கைதானே?"

பொய் சொல்லத் தெரியாதவர் என்று மச்சினனின் அக்கா விசாரணைக்காரரைக் கேலி செய்வாள்.

"ஆமா," என்றார். "உங்க கைதான். குளிராம இருக்கணும்னு சாத்தின கை."

அந்த அம்மாள் தலையாட்டினார். இடுப்பிலிருந்து அறைச் சாவியை எடுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தரையில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

தெருவில் கொழுந்தன் சற்று முன்னால் நடந்தார், மற்ற இருவரும் பின்னால். மச்சினன் மெதுவாகக் கேட்டார், "அத்தான், தெரிஞ்சா போதும்னுதானே அந்தம்மா கேட்டாங்க. இப்பப் போதுமா அவங்களுக்கு?"

"இல்லைடா," என்றார் விசாரணைக்காரர்.

முன்னால் போய்க்கொண்டிருந்த கொழுந்தனின் வெறுங்கால்கள் வெயில் தரையில் தயங்கித் தயங்கிப் பதிந்தன. விசாரணைக்காரர் எட்டி நடந்து அவரோடு சேர்ந்துகொண்டார். அவரை நிழல் பக்கமாக விட்டு, தான் வெயில் பக்கம் நடந்தார்.